சிஸ்டம் ஏற்குதில்லை

1990ஆம் ஆண்டு மார்ச் முதலாம் திகதி பிறந்த ஒருவருடைய பழைய தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் 90. அது பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று எண்கள் அவர் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைச் சொல்பவை. ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 28. ஆகவே மார்ச் முதலாம் திகதி அறுபதாவது நாள். அட்டையில் இருப்பதோ 061. பெண் என்றால் 500 கூட்டி 561. ஆட்பதிவுத் திணைக்களத்தின் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள்தான். லீப் ஆண்டா இல்லையா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

இதில் பிழை ஏதும் இல்லை. அப்படி வகுத்தார்கள், எல்லா அட்டைகளிலும் அப்படியே இருக்கிறது. இந்த இலக்கத்தை வாசித்துப் பிறந்த திகதியைத் தானாக நிரப்பும் மென்பொருளை ஒருவர் எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது. கணினி மொழிக்குள் ஆயத்தமாக இருக்கும் நாட்காட்டியை அவர் நம்புகிறார். 1990 லீப் ஆண்டு இல்லை என்பது அந்த நாட்காட்டிக்குத் தெரியும். ஆகவே 61ஆவது நாளை மார்ச் 2 என்று எழுதுகிறது. அதே ஆண்டு டிசம்பர் 31இல் பிறந்தவரின் அட்டை 366 என்று சொல்லும். 365 நாள் மட்டுமே உள்ள ஆண்டில் 366ஆவது நாளைத் தேடப்போகும் நிரல், 1991 ஜனவரி முதலாம் திகதி என்று எழுதிவிடும், அல்லது அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

எழுதியவர் சோதிக்காமல் விட்டிருக்கமாட்டார். தன் அட்டை இலக்கத்தையே போட்டுப் பார்த்திருப்பார். அவர் 1996இல் பிறந்தவர் என்றால் அது லீப் ஆண்டு, விடை சரியாக வரும். ஜனவரியிலோ பெப்ரவரியிலோ பிறந்தவர் என்றாலும் சரியாக வரும். ‘ரெஸ்ற் பண்ணியாச்சு’ என்ற சொல்லோடு மென்பொருள் பாவனைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு ஒருநாள், பிறப்புச் சான்றிதழில் ஒரு திகதியும் திரையில் இன்னொரு திகதியுமாக ஒரு பெண் கவுண்டருக்கு முன்னால் நிற்பார். கவுண்டரில் இருப்பவர் திரையைத்தான் நம்புவார். “சிஸ்டம் ஏற்குதில்லை அம்மா, கச்சேரியில போய்க் கேளுங்கோ.”

இந்த வாக்கியத்தை வங்கியிலும் வைத்தியசாலையிலும் பாடசாலை அலுவலகத்திலும் கேட்காதவர் யாழ் குடாநாட்டில் குறைவு. சிஸ்டத்தை எழுதியவர் அந்த இடத்தில் இருப்பதில்லை. வாங்கியவரும் இருப்பதில்லை. பிழையின் விலையைக் கொடுப்பது வரிசையில் நிற்பவர். அதனால்தான் மென்பொருள் எப்படி எழுதப்படுகிறது, யார் சரிபார்க்கிறார்கள், பிழையைக் கண்டவர் வேலையை நிறுத்தச் சொல்ல முடியுமா என்ற கேள்விகளைக் கணினித் துறையினர் தங்களுக்குள் மட்டும் பேசி முடிக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

ஐந்து பேர், ஒரு வீட்டு மாடி

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது ஒரு கணினி உதிரிப்பாகத்தை உள்ளே கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்த மண் இது. இன்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார்கள். யாழ் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறை, கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் பொறியியல் பீடம், யாழ் ஐரி ஹப் நடத்திவரும் யாழ் கீக் சலஞ்ச் போட்டிகள், ஊக்கி பயிற்சி நிலையம் என்று பல வழிகளால் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குள் வருகிறார்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோதும் இன்வேட்டரையும் கைத்தொலைபேசி இணைப்பையும் வைத்து வேலையை விடாமல் கொண்டுபோனார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

சிறிய நிறுவனங்களே இங்கு அதிகம். ஐந்தாறு பேர், ஒரு வீட்டு மாடி, ஒரு முதலாளி. அவரே வேலையைப் பிடிக்கிறவர், அவரே கடினமான பகுதிகளை எழுதுகிறவர், எல்லோருக்கும் அண்ணா. வேலை பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகத்தான் வரும். “தம்பி, போன முறை செய்ததுபோல ஒன்று, ஆனால் ரிப்போர்ட் கொஞ்சம் வேறை மாதிரி” என்று ஒரு குரல்பதிவு. ‘கொஞ்சம் வேறை மாதிரி’ என்றால் என்ன என்று யாரும் எழுதிக் கேட்பதில்லை. கேட்டால் வேலை தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம். இரண்டு கிழமையில் தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. எழுதும் நாளில்தான் கேள்விகள் எழும், எழும்போது ஊகத்தால் விடை சொல்லப்படும். அடையாள அட்டையின் 061 போன்ற விடயம் அந்த ஊகத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

2016 ஜனவரியில் அடையாள அட்டை இலக்கம் மாறியது நினைவிருக்கும். 2000ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளைகள் அட்டை எடுக்கும் வயதுக்கு வந்தார்கள். ஆண்டை இரண்டு எண்ணால் எழுதும் பழைய முறை அவர்களுக்குச் சரிவராது. ஒன்பது எண்ணும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்துமாக இருந்தது பன்னிரண்டு எண்ணாகியது. பழைய அட்டைகளும் செல்லுபடியாகும். ஆகவே இரண்டையும் ஏற்கவேண்டும், இரண்டும் ஒரே ஆளைக் குறிக்கலாம் என்பதும் மென்பொருளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாவிட்டால் ஒரே ஆள் இரண்டு பேராகப் பதிவாகிவிடுவார். வேலை தொடங்குமுன் ‘அடையாள இலக்கம் எந்தெந்த வடிவில் வரும்?’ என்று ஒரு தாளில் எழுதி, மென்பொருளை வாங்குபவரின் கையெழுத்தோடு வைத்திருந்தால் போதும். ஒரு மணித்தியால வேலை. அந்த ஒரு மணித்தியாலம்தான் கிடைப்பதில்லை.

கோண்டாவிலுக்கு முப்பது பைட்

கோண்டாவில் என்று எழுதுங்கள். வாசிக்கிறவருக்கு அது ஐந்து எழுத்து: கோ, ண், டா, வி, ல். யூனிகோட்டில் வழக்கமாகப் பத்துக் குறியீடு. யூரிஎஃப்-8 முறையில் சேமித்தால் குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் முப்பது பைட். ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்து ‘ஊருக்கு முப்பது பைட் தாராளம்’ என்று ஒதுக்கிய இடத்தில் கோண்டாவில் மட்டாக அடங்கும். கோண்டாவில் கிழக்கு அடங்காது. பைட்டை எண்ணி வெட்டும்போது வெட்டு ஒரு குறியீட்டின் நடுவில் விழுந்தால், அச்சில் வருவது ஒரு கறுத்த சாய்சதுரமும் அதற்குள் ஒரு கேள்விக்குறியும்.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. ‘கோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். இரட்டைக்கொம்பு ஒன்று, அரவு ஒன்று என இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். இரண்டும் சமம் என்றே யூனிகோட் நியமம் சொல்கிறது. சமப்படுத்தும் வேலையை மட்டும் மென்பொருள்தான் செய்யவேண்டும். செய்யாவிட்டால், ஒரு விசைப்பலகையில் பதிந்த கோண்டாவிலை இன்னொரு வழியால் வந்த கோண்டாவில் தேடினால் ‘பதிவு இல்லை’ என்று வரும். கோப்பாய், கொக்குவில், தொல்புரம், பொலிகண்டி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். காணி உறுதியைத் தேடுகிறவருக்கு ‘பதிவு இல்லை’ என்ற சொல் என்ன செய்யும் என்பதை இந்த மண்ணில் விளக்கத் தேவையில்லை.

இதற்கு மேல் பாமினி. அலுவலகங்களில் ஆண்டாண்டாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளில்லாத ஆங்கிலக் கோவை. அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றும்போது கொம்பு இடம் மாறும், எண்கள் குழம்பும், நடுவில் வந்த ஆங்கிலச் சொற்கள் சிதையும். இன்னொன்று: தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைத்து எழுதும் நம் வழக்கத்துக்குக் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டாயக் கட்டத்தைப் போட்டால், ஒருவர் தகப்பன் பெயரை எழுதுவார், இன்னொருவர் தன் பெயரையே திரும்ப எழுதுவார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு குடும்பமாகிவிடுவார்கள்.

கலிபோர்னியாவிலோ பெங்களூரிலோ இருக்கும் எந்தப் பொறியாளரும் இந்தச் சோதனைகளை நமக்காக எழுதப்போவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக அடிபட்டுக் கற்கவேண்டியதும் இல்லை. லீப் ஆண்டுக் கணக்குடன் கூடிய அடையாள இலக்கங்கள், இரு வகையாகச் சேமித்த ஊர்ப்பெயர்கள், முன்னெழுத்துப் பெயர்கள், பாமினிப் பத்திகள் ஆகியவற்றை உண்மையான ஆட்களின் விபரம் ஏதும் இல்லாமல் கற்பனையாகத் தயாரித்து, ஒரு பொதுச் சோதனைத் தரவுத் தொகுப்பாக இணையத்தில் வைக்கலாம். பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர் குழு ஒன்றுக்கு இதைவிடப் பயனுள்ள செயற்திட்டம் எனக்குத் தெரியவில்லை. நிறுவனம் செய்யவேண்டியது, நிரலில் ஒரு வரி மாறினாலும் அந்தச் சோதனைகள் முழுவதும் தானாக ஓடும்படி ஒழுங்கு செய்வது. போன வருடம் திருத்திய பிழை இந்த வருடம் வேறு ஒருவரின் கையால் திரும்பி வருவதை இந்தத் தானியங்கிச் சோதனைகள் தடுக்கும்.

“அண்ணா, இது பிழை”

எழுதிய நிரலை இன்னொருவர் வரிக்குவரி வாசிப்பது புதிய யோசனை இல்லை. ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கல் ஃபேகன் 1976இலேயே இதற்கு ஒரு முறையை வகுத்து எழுதினார்: எழுதியவர், வாசிப்பவர், நெறிப்படுத்துபவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. ஓடவிட்டுப் பார்க்கும் முன்பே, வாசித்தே பிழை பிடிப்பது. இன்று, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியைப் பாவிக்கும் எவருக்கும், மாற்றத்தை இன்னொருவரின் வாசிப்புக்கு அனுப்பும் ‘புல் ரிக்வெஸ்ட்’ பொத்தான் திரையிலேயே இருக்கிறது. கருவி வந்துவிட்டது, பழக்கம் வரவில்லை.

காரணம் நம் வீட்டுக்குள் இருக்கிறது. நிறுவனத்தை நடத்துபவர் அண்ணா. அவருடைய நிரலை வாசிக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, அதில் ஒரு பிழையைக் கண்டால் என்ன செய்யும்? “அண்ணா செய்தது, சரியாத்தான் இருக்கும்” என்று சம்மதக் குறியைப் போட்டுவிடும். இன்னொரு பக்கம், சாதாரண தரம், உயர்தரம் என்று பிழைக்குச் சிவப்புக் கோடு வாங்கியே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். தன் நிரலில் மற்றவர் பிழை காட்டினால் அதைத் தனக்கு வந்த குறைந்த புள்ளியாகவே எடுத்துக்கொள்வார்கள். பிழையை மறைக்கப் பழகிய இடத்தில் பிழை பெருகும். இதை மாற்றுவது தலைமையில் இருப்பவரால் மட்டுமே முடியும். அண்ணா தன் நிரலை முதலில் நடுவில் வைக்கவேண்டும். அதில் பிழை கண்ட பிள்ளைக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லவேண்டும். இரண்டு மாதம் இதைச் செய்தால் அந்த அறையின் பேச்சே மாறிவிடும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு நிமிடத்தில் நூறு வரி எழுதித் தருகிறது. வாசிக்கும் வேலை குறைந்துவிட்டது என்று சிலர் எண்ணுகிறார்கள். எழுதியவரே வாசிக்காத நிரல் பாவனைக்குப் போகும் காலம் இது. இன்னொரு கண் முன்னெப்போதையும்விட இப்போதுதான் தேவை.

கண்டவர்களும் இருந்தார்கள்

பிழையைக் கண்டால் மட்டும் போதுமா என்பதற்குப் பிரித்தானியத் தபால் நிறுவனத்தின் கதையை விடப் பெரிய பாடம் கிடையாது. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கடை நடத்தும் நாடு என்பதால் இங்கும் பல வீடுகளில் இது பேசப்பட்டது. ஊர்க் கடைகளுக்குள் உப தபாலகம் நடத்துபவர்களின் கணக்கை எழுத, ஃபுஜிட்சு நிறுவனத்தின் ‘ஹொரைசன்’ மென்பொருள் 1999 முதல் கொடுக்கப்பட்டது. அன்றிலிருந்து கணக்கில் பணம் குறையத் தொடங்கியது. குறைந்த பணத்தைக் கடைக்காரரே கட்டவேண்டும் என்றது ஒப்பந்தம். கட்டமுடியாதவர்கள் திருடர்கள் என்று நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சரே மாவட்டத்தில் உப தபாலகம் நடத்திய சீமா மிஸ்ரா 2010 நவம்பரில் சிறைக்கு அனுப்பப்பட்டபோது எட்டு வாரக் கர்ப்பிணி. அன்று அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொல்ல 2021 ஏப்ரல் வரை ஆனது.

பிழை எந்த மாதிரியானது என்று பாருங்கள். டல்மெலிங்டன் என்ற ஊரில் ஒருவர் 8,000 பவுண் பணத்தைப் பதிய முயன்றார். திரை உறைந்து நின்றது. என்ரர் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலும் தனிப் பதிவாகி 32,000 ஆனது. வராத 24,000 பவுண் அவர் தலையில் விழுந்தது. பொத்தானைப் பலமுறை அழுத்தினாலும் ஒருமுறையே பதியவேண்டும் என்பது முதலாம் ஆண்டு மாணவருக்கும் சொல்லிக்கொடுக்கும் சோதனை.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. மென்பொருள் நாடு முழுவதும் போகுமுன், 1998இல், அதன் கணக்குப் பகுதியை ஆராய ஃபுஜிட்சுவின் உள்ளேயே ஒரு குழு போடப்பட்டது. நிரலின் தரத்தைக் காட்ட அந்தக் குழு ஓர் உதாரணத்தை அறிக்கையில் ஒட்டியது. ஓர் எண்ணை நேரிலிருந்து மறையாகவும் மறையிலிருந்து நேராகவும் மாற்றும் துண்டு அது. எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் முடிகிற காரியம். அந்த நிரலோ, எண்ணை இரண்டால் பெருக்கி, அதை அதே எண்ணிலிருந்து கழித்துக்கொண்டிருந்தது. விடை சரிதான். ஆனால் பணக் கணக்கை எழுதுகிறவருக்கு அடிப்படைக் கணிதத்தில் எவ்வளவு பிடிப்பு இருந்தது என்பதை அந்தச் சில வரிகள் காட்டிவிடுகின்றன. அந்தப் பகுதியை மீள எழுதுவது பற்றித் தீவிரமாக யோசிக்கவேண்டும் என்று குழு சொன்னது. எழுதப்படவில்லை. கண்டவர்கள் இருந்தார்கள், எழுதி வைத்தார்கள், ஆனால் வெளியீட்டை நிறுத்தும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை. 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் தன் தீர்ப்பில் ஹொரைசனின் பிழைகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்தபோது இருபது ஆண்டுகள் போய்விட்டன.

எதிர்மாறான ஓர் உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. மாலபேயில் இயங்கிய மில்லேனியம் ஐரி நிறுவனத்தை லண்டன் பங்குச் சந்தை 2009இல் விலைக்கு வாங்கி, அதன் மென்பொருளைத் தன் வர்த்தகத்துக்குக் கொண்டுவந்தது. முதலில் டர்கொய்ஸ் என்ற சிறிய சந்தையில் ஓடவிட்டார்கள். 2010 நவம்பர் 2ஆம் திகதி அங்கே வர்த்தகம் தடைப்பட்டது. பிரதான சந்தையை மாற்றும் நாள் நெருங்கியிருந்தும் அதைத் தள்ளிவைத்தார்கள். 2011 பெப்ரவரி 14 வரை மாற்றவில்லை. அதற்குப் பிறகும் அதே மாதம் 25ஆம் திகதி சந்தை நான்கு மணித்தியாலத்துக்கு மேல் நின்றது. இலங்கையர் எழுதிய மென்பொருள் உலகின் பெரிய சந்தை ஒன்றை இன்றுவரை தாங்குவதில் எனக்குப் பெருமை உண்டு. அதைவிடப் பெரிதாக மதிப்பது, இத்தனை பணமும் பெயரும் நெருக்கிய இடத்தில் ‘இப்போது வேண்டாம்’ என்ற முடிவு எடுக்கப்பட்டதை.

ஒரே பிரதி

2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி வலையமைப்பு கப்பம் கேட்கும் தாக்குதலுக்கு உள்ளானது. கவ்.எல்கே முகவரி கொண்ட சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். பழைய பிரதிகளிலிருந்து மற்றதை மீட்டார்கள். அந்த மூன்று மாதங்களுக்கு மட்டும் மீட்க எதுவும் இல்லை. பாவித்த மென்பொருள் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. புதுப்பிக்கும் யோசனை முன்பே இருந்தது, பணத்தாலும் தீர்மானங்களாலும் தள்ளிப்போனது.

ஒரே பிரதியாக வைத்திருப்பது எப்படி முடியும் என்பதை 1981இல் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள். மே 31 இரவு யாழ் பொது நூலகத்தோடு எரிந்த சுமார் 97,000 நூல்களில், வேறு எங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி எல்லோருக்கும் திறந்து வைத்ததற்குப் பின்னால் அந்த இழப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் கூட ஒரு பாடசாலையின் மாணவர் பதிவு முழுவதும் அதிபர் அறையில் ஒரே ஒரு கணினியில் இருப்பதும், ‘பக்கப்’ என்று சொல்லப்படுவது அதே கணினியின் இன்னொரு கோப்புறையாக இருப்பதும் எனக்குத் தாங்கமுடியாத விடயம்.

இரண்டாவது பிரதி வேறு கட்டடத்தில் இருக்கவேண்டும். மூன்றாவது எந்த வலையமைப்பிலும் தொடுக்கப்படாமல் இருக்கவேண்டும். இவற்றைச் சொல்லும் நிறுவனங்கள்கூடப் பெரும்பாலும் செய்யாமல் விடுவது ஒன்று: பிரதியிலிருந்து மீட்டுப் பார்ப்பது. நாள்தோறும் இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடும் காப்புப்பிரதி, வட்டு நிறைந்து ஆறு மாதமாக வெறும் கோப்பையே எழுதிக்கொண்டிருக்கக்கூடும். திறந்து பார்க்காதவரை யாருக்கும் தெரியாது.

சிறிய இடத்தில் முதலில்

2022 ஜூலையில் பெற்றோல் செட்டுகளுக்கு முன்னால் கிலோமீற்றர் கணக்கில் வரிசை நின்றபோது, கியூஆர் குறியீட்டோடு தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அவசரத்தில் எழுதிய மென்பொருள்தான். ஆனாலும் முதலில் கொழும்பில் சில நிரப்பு நிலையங்களில் மட்டும் ஓடவிட்டுப் பார்த்து, ஓகஸ்ட் முதலாம் திகதிதான் நாடு முழுவதும் கட்டாயமாக்கினார்கள். அந்த ஒத்திகை இல்லாமல் ஒரேநாளில் நாடு முழுவதற்கும் திறந்திருந்தால், யாழ்ப்பாணத்து வெயிலில் நின்ற சனத்தின் பொறுமை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

உலகின் பெரிய பாதுகாப்பு மென்பொருள் நிறுவனங்களில் ஒன்றான கிரவுட்ஸ்ட்ரைக் 2024 ஜூலை 19இல் இந்த ஒத்திகையைத்தான் தவறவிட்டது. ஒரு சிறிய தரவுக் கோப்பு. நிரல் 20 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, வந்தது 21. அதைச் சரிபார்க்கவேண்டிய கருவியிலும் பிழை இருந்ததால் கோப்பு தப்பிப் போனது. அதைப் படிப்படியாக அனுப்பாமல் எல்லோருக்கும் ஒன்றாக அனுப்பினார்கள். 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும், 85 இலட்சம் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகள் சத்திரசிகிச்சைகளைத் தள்ளிவைத்தன.

பத்துக் கிளை உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குப் புதிய பதிப்பைக் கொடுக்கும் யாழ்ப்பாண நிறுவனத்துக்கும் இது பொருந்தும். முதலில் ஒரு கிளை, அதுவும் மாதக் கணக்கு முடிக்கும் நாளில் இல்லை. ஒரு கிழமை பார்த்த பிறகு மற்றவை. பழைய பதிப்புக்கு ஐந்து நிமிடத்தில் திரும்பும் வழி தயாராக இருக்கவேண்டும், அந்த வழியையும் ஒருமுறை நடந்து பார்த்திருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் புதிய பதிப்பைப் போட்டுவிட்டு நல்லூர்த் தேருக்குப் போவது பொறுப்பான வேலை இல்லை.

அவசரத்தில் எழுதவே கூடாதா என்று கேட்கலாம். எழுதவேண்டிய நாட்கள் வரும். 2004 டிசம்பர் 26இல் கடல் வடமராட்சி கிழக்கை அள்ளிக்கொண்டு போனபின், இலங்கையின் மென்பொருள் தன்னார்வலர்கள் சில நாட்களுக்குள் சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், உதவிப்பொருட்கள் எல்லாவற்றையும் பதிய அது தேவைப்பட்டது. பெரிதாகப் பேசப்படாத பகுதி அதற்குப் பின்னால் வந்தது. அவசரத்தில் எழுதியதை அப்படியே நீட்டாமல், 2005இல் அடியிலிருந்து மீள எழுதினார்கள். அந்த மீள எழுதிய சஹானாதான் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் போய் உதவியது. அவசரத்துக்கு எழுதியதை எந்த நாளில் கழற்றி மீளக் கட்டுவது என்று அன்றே திகதி குறித்து வைப்பவர்களை நம்பி வேலை கொடுக்கலாம்.

வாங்குகிறவர் கேட்கவேண்டியது

எழுதுபவர்களிடம் மட்டும் இதைச் சொல்லி முடிப்பது நியாயமில்லை. குறைந்த விலை கேட்டவருக்கே வேலையைக் கொடுத்து, இரண்டு கிழமையில் தா என்று நெருக்கி, கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளும் வாங்குபவர்களால்தான் சோதனைக்கான நேரம் இல்லாமல் போகிறது. அதிபர்கள், சங்கத் தலைவர்கள், வைத்தியசாலை நிர்வாகிகள், வெளிநாட்டிலிருந்து ஊர்ப் பாடசாலைக்குப் பணம் அனுப்பும் பழைய மாணவர் சங்கங்கள், எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. கணினி அறிவு பெரிதாகத் தேவையில்லை. விலைமனுவில் சோதனைக்கென்று தனியாக எத்தனை நாள் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்கலாம். எழுதியவரைத் தவிர வேறு யார் நிரலை வாசித்தார் என்று கேட்கலாம். கவுண்டரில் இருக்கும் பிள்ளை ‘இது பிழையாக் காட்டுது’ என்று அறிவித்தால் அது யாரிடம் போகும், எத்தனை நாளில் பதில் வரும், அதுவரை வரிசையில் நிற்பவருக்குக் கையால் எழுதிக் கொடுக்கும் வழி என்ன என்று கேட்டு எழுதி வாங்கலாம்.

பணத்தின் கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள்வதும் வாங்குபவரால் முடிகிற காரியம். ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்: நிறுவனம் ஒரு புதிய கணினியைக் கொண்டுவந்து, முதல் நாள் எடுத்த காப்புப்பிரதியை மட்டும் வைத்து, எங்கள் கண்முன்னால் முழு அமைப்பையும் மீட்டு, நாங்கள் சொல்லும் பத்துப் பெயர்களைத் தேடிக் காட்டிய பிறகே அந்தப் பணம் கொடுக்கப்படும். அந்தப் பத்துக்குள் கோண்டாவிலில் ஒருவர் இருக்கட்டும், முன்னெழுத்து இல்லாத ஒருவர் இருக்கட்டும், பழைய அடையாள அட்டையோடு ஒருவர் இருக்கட்டும். அரை நாள் வேலைதான். செய்து காட்டத் தயங்கும் நிறுவனத்துக்கு உங்கள் பிள்ளைகளின் பதிவுகளைக் கொடுக்காதீர்கள்.